பருத்திக்காட்டுல ஒரு பேஸ்மட்டம்

ஏங் கண்ணு, அந்தக் காலண்டர எதுக்குத் தரையிலிருந்து ரெண்டடி ஒயரத்துல மாட்டி வெச்சிருக்கற? ஊட்டுல ஆராச்சும் தவழ்ந்துட்டே தேதி பாக்கறாங்களா? இரு, நீ எந்திரிக்காத. நானே தூக்கிப் பாத்துக்கறேன். ஓகோ! மகாலட்சுமிக்குப் பின்னாடி பாதாளத்துக்கே வழி தெரியுது.

தப்புச் சொல்லல சாமி. விரிசலுக்குக் காலண்டர் மாட்டறது நம்மூர்ப் பழைய வைத்தியம். மயிரிழை விரிசலுக்குத் தினசரிக் காலண்டரு, சித்த பெருசானா மாசக் காலண்டரு, அதுக்கும் அடங்கலீன்னா சாமி படம். சாமியும் கைய விரிச்சுட்டா பீரோ. உனக்கு இந்த ஊட்ட வித்தவன் பீரோ வரைக்கும் போயிருக்கறான். நீ பாக்க வந்தன்னிக்கு ஊடு முச்சூடும் காலி, இந்த ஈசானி மூலையில மட்டும் ஒரு பீரோ நின்னுட்டிருந்துச்சுன்னு நீயேதான் சொன்ன. காலி ஊட்டுல பீரோவுக்கு என்னடா வேலை? கம்பெனியில அடுத்தவன் எழுதுன புரோகிராமுல ஓட்டை கண்டுபுடிக்கறதுக்கு மாசமானாச் சம்பளம் வாங்கற. சொந்தக் காசுல ஊடு வாங்கறப்போ பீரோவுக்குப் பின்னால எட்டிப் பாக்கறதுக்கு மட்டும் கழுத்து சுளுக்கிக்கிச்சு.

சரி, அடி ரூமையும் காட்டு. கையப் புடிச்சுக்க, படி ஈரமா இருக்குது. முந்தி இருந்தவன் இதுல கழிவுப்பஞ்சு மூட்டை அடுக்கி வெச்சிருந்தான். இப்ப மோந்து பாரு, பஞ்சு வாசமா வருது? ஓதம். இதுலயா ஜிம்மு வெக்கப் போற? நெம்ப நல்ல ரோசனை. நீ வர்றதுக்கு முன்னாலயே வடக்குச் செவுரு எக்சர்சைசு ஆரம்பிச்சுருச்சு பாரு. நெஞ்ச நிமித்தி முன்னால தள்ளிட்டு நிக்குது.

இதுக்குத்தான் மேஸ்திரியக் கூப்புட்டயாக்கும். போனுல என்ன சொன்ன? 'பேஸ்மென்ட் செவுரு சரி பண்ணோணும்'னு சொன்ன. அவன் வந்து வெளிய வாசப்படியோரம் ரெண்டடி ஒயரத்துக்குச் சுத்தியும் சிமென்ட் பூசிட்டு, கூலிய வாங்கிட்டுப் போய்ட்டான். அவனத் திட்டாத. நம்மூருல தரைக்கு மேல, ஊட்டுத் தளத்துக்குக் கீழ நிக்கற கட்டுதான் பேஸ்மட்டம். அதுக்கும் கீழ மண்ணுக்குள்ள போறது கடக்கால். நீ சொல்ற அடி ரூமுக்கு அவங்கிட்டப் பேரே இல்ல. உங்க ஆபீசுல அர்த்தம் புரியாம வேலை பாத்தா மீட்டிங்கு போடுவீங்க. அவன் பீடியப் பத்த வெச்சுட்டுப் பூசிப்போட்டான்.

அம்மிணி, டீ அப்பறமாப் போடு சாமி. இவங்கிட்ட இன்னும் நாலு வார்த்த பேசோணும்.

இந்த எடம் ஆருதுன்னு தெரியுமில்ல? என்ற காடு. உன்ற அம்மா பாவாடை கட்டிட்டுப் பருத்தி எடுத்த காடு. எம்பத்தஞ்சுல நான் ஏக்கர் கணக்குல வித்தேன், நீ இப்ப சென்ட் கணக்குல வாங்கியிருக்கற. வித்தவனும் நம்ம ஊடு, வாங்குனவனும் நம்ம ஊடு, நடுவுல பத்துப் பேரு பங்களா கட்டிட்டாங்க. வித்த காசு பாதி கலியாணத்துல போச்சு, மீதி கோர்ட்டுல போச்சு. பொறவு ஒரு எஞ்சினீரிங் காலேஜுல, மண்ணு லேபுல அட்டெண்டரா இருவது வருசம் ஒக்காந்தேன். உழுதப்பவும் மண்ணுதான், சம்பளத்துக்குப் போனப்பவும் மண்ணுதான். அதனால செவுத்தப் பத்திப் பேச எனக்கு யோக்கியதை இருக்குதான்னு கேக்காத. செவுத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குக் கீழ இருக்கறதப் பத்தித் தெரியும்.

இந்த ஊரப் பீளமேடுன்னு போர்டுல எழுதறாங்களே, அது பூளமேடு. பூளப்பூ பூத்துக் கெடந்த மேடு. காப்புக்கட்டு அன்னிக்கு ஆவாரம்பூவோடயும் வேப்பந்தழையோடயும் சேத்துக் கட்டுக் கட்டா வாங்கிட்டு வந்து கேட்டுல சொருகுனயே, அந்தப் பூவேதான். உன்ற ஊருப் பேருல இருக்கற பூவக் காசு குடுத்து வாங்கற மொத ஆளு நீயாத்தான் இருப்ப. பி.எஸ்.ஜி.ங்கறதுல மொத எழுத்து இந்த ஊருதான். சாமநாயுடு மகன் கோவிந்தசாமி நாயுடு, அவருக்கு நாலு பசங்க. தர்மத்த அஞ்சாவது பங்காளியாச் சேத்துட்டு 1926ல அறக்கட்டளை வெச்சாங்க. அதுக்கு முன்னால 1888லயே ஸ்டேன்ஸ் தொரை கோயமுத்தூருல மில்லு வெச்சுட்டாரு. பைக்காரா கரன்ட்டு வந்ததுக்குப் பொறவு தொட்ட எடமெல்லாம் மில்லுச் சங்கு ஊதுச்சு. இத்தனைக்கும் சோறு போட்டது ஆரு? இந்தக் கரிசல் மண்ணு. பருத்திக்கு இது அமுர்தம். ஐப்பசியில குடிச்ச தண்ணிய ஒளிச்சு வெச்சுட்டு, மழையே இல்லாத தையிலயும் வேருக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஊட்டும்.

அதே கொணந்தான் உன்ற செவுத்துக்குச் சத்துரு. சித்திரையில இந்தக் காட்டுல நடந்தீன்னா கை நொழையற வெடிப்பு இருக்கும். கோழிக்குஞ்சு உழுந்துட்டா எடுக்க முடியாது. மழை பேஞ்சா வெடிப்பு மூடி, மண்ணு உப்பி, வரப்பே ஒசந்தாப்புல தெரியும். மேல பருத்திச் செடி நின்னுச்சுன்னா மண்ணு ஏறுனா அதுவும் ஏறும், எறங்குனா எறங்கும், எந்தச் செடியும் கேஸு போட்டதில்ல. அதுமேல நீ கருங்கல்லும் சிமென்ட்டும் வெச்சு, உள்ள டைல்ஸும் ஒட்டிப்போட்டு, ஆடாம இருன்னா எப்படி இருக்கும்? அந்த மண்ணுக்குள்ள மான்ட்மோரில்லோனைட்டுன்னு ஒரு களி இருக்குதுன்னு எங்க புரொபசரு சொல்லுவாரு. பிரான்சு தேசத்துல ஒரு ஊரு பேராம். ஏடு ஏடா அடுக்கி வெச்சாப்புல இருக்கும், ஏட்டுக்கு ஏடு நடுவுல தண்ணி பூந்து அகட்டி உட்டுரும். நம்ம ஊருல வேற, வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் மழை. அதுலயும் பாதிகிட்ட ஐப்பசி கார்த்திகையில ஒட்டுக்காக் கொட்டிட்டுப் போயிரும். மீதி மாசமெல்லாம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து காய வெக்கும். காயறதும் முச்சூடும், நனையறதும் முச்சூடும். நடுவுல மாட்டுனது உன்ற ஊடு.

நம்பலீன்னா நீயே பாத்துக்க. செவுத்தோரமா மூணடி ஆழத்துல ஒரு புடி மண்ணு எடு. அங்க இல்ல, ஈசானி மூலைய உட்டுரு. இக்கட்டால வடக்குச் செவுத்தோட நடுவுல எடு. காய வெச்சு, இடிச்சு, நல்லாச் சன்னச் சல்லடையில சலி. லேபுல அதுக்கு 425 மைக்ரான் சல்லடை வெச்சிருந்தோம். 100 மில்லிக் கண்ணாடிச் சிலிண்டரு ரெண்டுல ஆளுக்குப் பத்துக் கிராம் மண்ணு. ஒண்ணுல தண்ணி ஊத்து, இன்னொண்ணுல மண்ணெண்ணெய் ஊத்து. ரேசன்ல மண்ணெண்ணெய் கெடைச்சுதுன்னா அதுவே பாதி அதிர்ஷ்டம். ஒரு நாள் முச்சூடும் தொடாத. மண்ணெண்ணெயில கெடக்கற மண்ணு நல்ல புள்ளையாட்ட அடியில ஒக்காந்திருக்கும். தண்ணியில கெடக்கறது உப்பி மேல வந்து நிக்கும். தண்ணி போட்டா ஆடறது நம்மூரு ஆளுக மட்டுமில்ல கண்ணு, மண்ணுந்தான். மண்ணெண்ணெயில 10 மில்லி நின்னு தண்ணியில 20 நின்னா, நூத்துக்கு நூறு உப்புதுன்னு கணக்கு. 50க்குக் கீழன்னா படுத்துத் தூங்கு. 50லருந்து 100ன்னா ஒரு கண்ண முழிச்சுட்டுத் தூங்கு. அதுக்கும் மேலன்னா ஒரு எஞ்சினீர எழுப்பிக் கூட்டிட்டு வா.

எஞ்சினீருக்கா இங்க பஞ்சம்? பி.எஸ்.ஜி. டெக்கு 1951லருந்து இங்கதான் இருக்குது. சி.ஐ.டி. 1956லருந்து இருக்குது. தடாகம் ரோட்டுக்குப் போனா 1945ல வந்த கவர்ன்மென்ட்டுக் காலேஜு. மூணுலயும் சிவில் படிப்பு இருக்குது. சிவில் படிச்ச பசங்க தெருவுக்கு நாலு பேரு. நீ என்ன பண்ணுன? ஈரோட்டுலருந்து காரு வெச்சு வாஸ்துக்காரனக் கூட்டிட்டு வந்த. அவன் அடி ரூமுக்கு எறங்கி மூச்ச இழுத்துப் பாத்துட்டு, மூலையில பித்தளைப் பிரமிடு வெக்கச் சொன்னான். வெச்சயில்ல? பிரமிடு பச்சை புடிச்சுக் கெடக்குது. ஓதம் அதையும் உடல.

விரிசல மூடறதுக்கு முன்னால படிக்கோணும் கண்ணு. அது ஊடு எழுதற கடுதாசி. பிரிச்சுப் படிக்காமக் காலண்டர ஒட்டி அனுப்புனா மறுக்கா வரும், தபால் கூலியும் சேத்து. மொதல்ல பூச்ச ஒடச்சு எடு. பூச்சுல மட்டும் வெடிச்சிருந்தா கொத்தனாரு கை பண்ணுன வேலை, உட்டுரலாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சாந்து தொறந்து, படிக்கட்டாட்டச் சாஞ்சு ஓடுச்சுன்னா அது கீழயிருந்து வந்த சேதி. மேல அகலமா, கீழ ஒடுக்கமா இருந்தா ஊட்டோட ஓரம் எறங்குது. கீழ அகலமா, மேல ஒடுக்கமா இருந்தா நடுவு எறங்குது. அடி ரூமுல செவுத்துக்கு நட்ட நடுவுல படுக்கை வாட்டமா ஒரு கோடு ஓடுதே, அது எறங்கறதுமில்ல ஏறறதுமில்ல. அக்கட்டாலருந்து மண்ணும் தண்ணியும் நெட்டித் தள்ளறது. மூணுக்கும் மருந்து வேற வேற. தலைவலிக்கும் பேதிக்கும் ஒரே மாத்திரை குடுக்கறவனத்தான் நீ எல்லாம் தெரிஞ்ச கான்ட்ராக்டருன்னு சொல்ற.

அகலம் பாக்கறதுக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒத்த ரூவாக் காசு பக்கவாட்டுல நொழையுதா? சுண்டு வெரலு நொழையுதா? காசு நொழைஞ்சா நோட்டு எடு, வெரலு நொழைஞ்சா போன எடு. பொறவு விரிசலுக்குக் குறுக்கால ரெண்டு மூணு எடத்துல மெல்லிசாக் கண்ணாடிச் சில்லு ஒட்டி, பக்கத்துல பென்சில்ல தேதி எழுது. செவுரு அசைஞ்சா கண்ணாடி வெடிக்கும். பழைய மில்லுக் கட்டடத்துலயெல்லாம் இப்படித்தான் ஒட்டிப் பாப்பாங்க. பேனாவுல எழுதாத, ஓதத்துல ஊறிரும். சித்திரையில ஒருக்கா, கார்த்திகையில ஒருக்கா அளந்து வெய்யி. வெயிலுக்குத் தொறந்து மழைக்கு மூடுனா மண்ணு மூச்சு உடுது. மூடவே மூடாம அகண்டுட்டே போனா அது மூச்சு இல்ல, எறக்கம். மூச்சு உடற விரிசல்ல எப்பாக்சிய ஊசி போட்டுக் கல்லாட்ட எறுக்கி அடைக்கறது, தூங்கறவன் மூக்குல துணி திணிக்கறாப்புல. அவன் வாயத் தொறப்பான், செவுரு பக்கத்துல இன்னொரு எடத்துல தொறக்கும்.

இப்ப ஊட்டச் சுத்தி வருவோம், வா. மொட்டைமாடித் தண்ணி எறங்கற பைப்பு எங்க முடியுது? செவுத்தோட காலடியில. ஏசித் தண்ணி எங்க சொட்டுது? காலடியில. பொடக்காலித் தண்ணி, வாசிங் மெசின் தண்ணி எல்லாம் அங்கயே. லான்னு சொல்லி ஒரு புல்லுப் பாய விரிச்சு, அதுக்குக் காலையில ஒருக்கா சாயங்காலம் ஒருக்காத் தண்ணி தெளிக்கற. நான் பருத்திக்குக்கூட இத்தன தண்ணி காட்டுனதில்ல. சம்ப்பு தொட்டி எப்படி? ராத்திரி நெறச்சு, வர்ற பைப்பையும் போற பைப்பையும் அடைச்சு, மட்டத்துல ஒரு கோடு போடு. விடியக்கால கோட்டுக்குக் கீழ ரெண்டு இஞ்சு எறங்கியிருந்தா அது உன்ற கடக்கால் குடிச்சது. சிறுவாணியோ பில்லூரோ, ருசியான தண்ணி. நீ கேன் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு அதக் கருங்கல்லுக்கு ஊட்டற.

அந்த வேப்பமரத்த மொறைக்காத. அத நட்டது நான். ஆனா செவுத்த அது பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துனா அது என்ன பண்ணும்? வெயில் காலத்துல வேரு உட்டு அந்தப் பக்கத்து மண்ண மட்டும் உறிஞ்சிக் காய வெக்கும். இந்தப் பக்கம் லான் நனைக்குது, அந்தப் பக்கம் வேப்பமரம் காய வெக்குது, ஊடு நடுவுல நின்னு ஒரு காலு தண்ணியிலயும் ஒரு காலு அடுப்புலயும் வெச்சுட்டிருக்குது. பெருக்கான் வளை வேற. இந்த ஓட்டையில ஒரு கொடம் ஊத்துனா எங்க போய் வருதுன்னு எனக்குத் தெரியும், உனக்கு அடி ரூமுல தெரியும்.

மண்ணு ஒரே ஈரத்துல இருந்துட்டா ஆடாது. அதனால மொத செலவு சிமென்ட்டுக்கு இல்ல, பைப்புக்கு. கூரைத் தண்ணிய எட்டக் கொண்டுபோய் உடு. ஊட்டச் சுத்தி மூணடி அகலத்துக்கு வெளிய சாய்ஞ்சாப்புலக் காங்கிரீட்டுப் பட்டை போடு. லான எடுத்து நாலு செம்பருத்தி வெய்யி, அதுவும் தள்ளி. பாதி ஊடுகளுக்கு இதோட வைத்தியம் முடிஞ்சுரும். கான்ட்ராக்டருக்கு இதச் சொல்லத் தெரியாதான்னு கேக்கற. பைப்பத் திருப்பி உடறதுக்கு எவ்வளவுடா பில்லுப் போட முடியும் அவனால?

இனி உன்ற ஜிம்மு ரூமுக்கு வர்றேன். இந்தச் செவுரு பத்தடி, மூணு மீட்டருன்னு வெச்சுக்க. அக்கட்டால மண்ணுக்குள்ள தண்ணி தரை மட்டத்துக்கு நின்னுச்சுன்னா, ஒரு மீட்டரு நீளச் செவுத்து மேல தண்ணி மட்டுமே தள்ளறது நாலரை டன். மருதமலைப் பக்கம் ராத்திரியில தோட்டத்துல பூந்து வாழையத் தின்னுட்டுப் போகுதே, அதுல நல்ல கொம்பன் ஒண்ணு இவ்வளவு எடை இருக்கும். உன்ற வடக்குச் செவுரு நாலு மீட்டரு. நாலு ஆனை சாஞ்சுட்டு நிக்குது. அதுக்கு மேல கரிசல் உப்பறதும் சேரும். நீ என்ன பண்ணியிருக்கற? உள்பக்கத்துல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டு அடிச்சிருக்கற. ஆனைக்கு எதுரா கொசுவலை கட்டியிருக்கற. லங்கா கார்னர் பாலத்தடியில ஒரு மழைக்கு பஸ்சே முழுகுது, டீவியில பாத்துட்டுக் கார்ப்பரேசனத் திட்டற. உன்ற ஊட்டுல நீயே ஒரு லங்கா கார்னர் வெச்சுட்டிருக்கறது தெரியல.

சிரிக்கறத நிறுத்திட்டு ஒண்ணு சொல்றேன். 2019 டிசம்பர் 2ஆந் தேதி, மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்துல நடூரு. விடியறதுக்கு முன்னால, கொட்டற மழை. இருவதடி ஒயரக் கருங்கல்லுக் காம்பவுண்டுச் செவுரு சாஞ்சு, பக்கத்துல ஓட்டு ஊடுகள்ல தூங்கிட்டிருந்த சனத்து மேல உழுந்துச்சு. 17 பேரு. ஏழைபாழைக. பொம்பளைக, கொழந்தைக. தீண்டாமைச் செவுருன்னு போராட்டம் நடந்துச்சு, கேஸு ஆச்சு. அந்தச் செவுத்துக்கு அக்கட்டால ஆரு இருந்தாங்க, இக்கட்டால ஆரு இருந்தாங்கன்னு பாத்தாலே சேதி பாதி வெளங்கிரும். மீதி, ஈரம் ஏறுன கல்லுச் செவுரு நிக்கறதுக்கு என்ன வேணும்ங்கறது. நான் அன்னிக்கு அங்க போனேன். திரும்பி வந்து மூணு நாளு ஆருகிட்டயும் பேசல. அதனாலதான் உன்ற செவுரு நெஞ்ச நிமித்துனதக் கேட்டதும் படியெறங்கி வந்தேன், இல்லீன்னா இந்த முழங்காலோட வருவனா?

சரி, வேலைக்கு வருவோம். அடி ரூமுக்கு மேல என்ன பாரம் நிக்குதோ அதுக்கு மொதல்ல முட்டுக் குடு, இரும்பு ஜாக்கி வாடகைக்குக் கெடைக்குது. பொறவு வெளிப்பக்கத்து மண்ணத் தோண்டி எடுத்துப் பாரத்தக் கொறை. இத மாசி பங்குனியில பண்ணு. ஐப்பசியில தோண்டுனா குழியும் செவுரும் நீயும் ஒட்டுக்காப் போவீங்க. எடுத்த கரிசல மறுக்கா உள்ள போடாத, என்ற காட்டு மண்ணுன்னு பாசமெல்லாம் வேண்டாம். செவுத்த ஒட்டிச் சல்லி, அடியில ஓட்டை போட்ட பைப்பு, தண்ணி வந்தா ஒரு குழிக்குப் போய்ச் சேர்ற மாதிரி. மேல கிராவல் செம்மண்ணு. அப்பறம் உள்பக்கம். ரெண்டு இஞ்சுக்குள்ள வளைஞ்சிருந்தா கரி நூலுப் பட்டைய, அதுதான் கார்பன் ஃபைபரு, செவுத்துல நெட்டுக்குத்தா ஒட்டிப் புடிக்கறாங்க. இல்லீன்னா இரும்பு கர்டரு நிறுத்தி மேலயும் கீழயும் கட்டுவாங்க. அதுக்கும் மேல வளைஞ்சிருந்தா பழைய செவுத்துல தொளை போட்டுக் கம்பி ஊனி, முன்னால புதுசா ஒரு ஆரிஞ்சு காங்கிரீட்டுச் செவுரு. ரூமு கொஞ்சம் சின்னதாகும். உனக்கு அது நல்லதுதான், எக்சர்சைசு பண்ண எடமில்லீன்னு காரணஞ் சொல்லலாம்.

கல்லுக்கு நடுவுல இருக்கற சந்துக்குச் சிமென்ட்டுப் பால ஊசி போட்டு எறக்கறப்போ கீழயிருந்து மேல ஏறோணும். மேல ஊத்துனா கீழ வரும்னு நெனைக்கறவன் தோசைக்கு மாவு ஊத்தட்டும். தண்ணி கசிஞ்சுட்டே இருக்கற எடத்துக்கு மட்டும் பி.யூ. ஊசி, அது தண்ணியத் தொட்டதும் நொரைச்சு அடைச்சுக்கும்.

கடக்காலுக்கு அடியிலயே தாங்கல் குடுக்கறதுன்னா அதுக்கு ஒரு மொறை இருக்குது, இதுல மட்டும் அவசரப்படாத. செவுத்துக்கு அடியில ஒரே நாள்ல முச்சூடும் தோண்டறேன்னு எவனாச்சும் ஜேசிபி கொண்டு வந்தான்னா, அவன் சாவியப் புடுங்கி வேப்பமரத்து மேல எறி. மூணடி, நாலடி நீளத்துக்கு ஒரு துண்டு. அதத் தோண்டி, ஈரம் ஏறி எறங்காத கெட்டி மண்ணு வரைக்கும் போய், காங்கிரீட்டுப் போட்டு, பழைய கடக்காலுக்கும் புதுசுக்கும் நடுவுல மூணு இஞ்சு சந்து உட்டு வெக்கோணும். காங்கிரீட்டு சுண்டுனதுக்குப் பொறவு, கையில புடிச்சா உதிராத அளவுக்கு மட்டும் ஈரமிருக்கற சாந்த அந்தச் சந்துல குச்சியில குத்திக் குத்தித் திணிக்கோணும். அது முடிஞ்சதும் பக்கத்துத் துண்டுக்குப் போவக்கூடாது, ரெண்டு துண்டு தாண்டிப் போவோணும். பந்தியில எலை எடுக்கறாப்புல வரிசையா எடுத்தா ஊடு ஏப்பம் உட்டுரும். மாசக்கணக்குல ஆகும். பக்கத்து ஊட்டுக்காரங்கிட்ட முன்னாலயே சொல்லிப்போடு, அவஞ் செவுத்துலயும் காலண்டரு இருக்கும்.

புதுசாக் கட்டறவனுக்கு இந்தக் கெரகமே இல்ல. ரூர்க்கியில மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்துல கரிசலுக்குன்னே ஒரு பைல் கண்டுபுடிச்சாங்க. மேல ஒல்லியா எறங்கி, அடியில வெங்காயமாட்ட ரெண்டரை மடங்கு உப்பியிருக்கும். மூணரை மீட்டருக்குக் கொறையாம எறக்கிட்டா, மேல மண்ணு எத்தன ஆட்டம் போட்டாலும் அடியில வெங்காயம் வேரோடிட்டு நிக்கும். அவினாசி ரோட்டுல பத்துக் கிலோமீட்டரு மேம்பாலத்துக்குத் தோண்டுனப்போ வண்டிய நிறுத்திட்டு மாசக்கணக்குல வேடிக்கை பாத்த. தூணுக்கு அத்தன ஆழம் எதுக்குன்னு ஒருக்காவாச்சும் கேட்டயா? கோயமுத்தூருல 1900 பிப்ரவரி 8ஆந் தேதி பூமி நடுங்குச்சு, என்ற அப்புச்சி அதச் சொல்லியே எங்களப் பயமுறுத்துவாரு. நிலநடுக்கக் கணக்குல நம்மூர மூணாம் மண்டலத்துல வெச்சிருந்தாங்க. பேஸ்மட்டத்துல ஊட்டச் சுத்தி ஒரு பெல்ட்டுக் காங்கிரீட்டு போட்டிருந்தா செவுருக நாலும் கை கோத்துட்டாச்சும் நிக்கும். இங்க நாலும் பங்காளிகளாட்ட ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டு நிக்குது.

அம்மிணி, இப்பக் கொண்டா டீய. சக்கரை போட்டே கொண்டா, இன்னிக்கு ஒருக்கா.

என்னடா நோட்டுல எழுதிட்டே இருக்கற? இத்தனையும் வடக்குச் செவுத்துக்கும் அடி ரூமுக்கும் சொன்னது. ஈசானி மூலைக்கு இது ஆகாது. அத அடிச்சுட்டு வேற எழுது. காலண்டருக்குப் பின்னால இருக்கற விரிசல் மேல அகலம், கீழ ஒடுக்கம். நீ வந்து ரெண்டு கார்த்திகை ஆச்சு, ஒரு மழைக்கும் மூடலீன்னு சொன்ன. கரிசல்னா மூடியிருக்கோணும். அந்த மூலைக்கு அடியில கரிசல் இல்ல.

எனக்கு எப்படித் தெரியும்னா? டீ சூடா இருக்குது, சித்த இரு.

நம்ம கெணறு அங்கதான் இருந்துச்சு. அறுவதடி. என்ற அப்பன் காலத்துல கவலை ஓட்டுன கெணறு. காட்ட விக்கறப்போ கெணத்தக் காட்டுனா மூணு சென்ட் போயிருமேன்னு, மில்லு இடிச்ச செங்கல்லு, பருத்திமாரு, தென்னமட்டை, ஊருக் குப்பை எல்லாம் கொட்டி மூடிப்போட்டேன். மேல ரெண்டு லோடு செம்மண்ணு போட்டு உருட்டுனதும் பாக்க லட்சணமா இருந்துச்சு. அந்த மாரும் மட்டையும் மக்கிட்டே இருக்குது, மூலை எறங்கிட்டே இருக்குது. வாஸ்துக்காரன் ஈசானியில தண்ணி இருந்தா நல்லதுன்னு சொன்னான்ல? இருக்குது சாமி, மம்மானியா இருக்குது.

அதனால அங்க மூணடி தோண்டித் தாங்கல் குடுத்தா குப்பைக்குத்தான் தாங்கல் குடுத்தாப்புல ஆவும். கெணத்துக்கு அக்கட்டாலயும் இக்கட்டாலயும் கெட்டி மண்ணுல பைல் எறக்கி, நடுவுல பாலமாட்டப் பீம் போட்டு, மூலையத் தூக்கி அதுமேல ஒக்கார வெக்கோணும். எஞ்சினீரு வந்தா கெணறு எந்த எடம்னு நான் வந்து கோடு போட்டுக் காட்டறேன். செலவு சாஸ்திதான். பாதி நான் தர்றேன், மொறைக்காத.

அமுச்சிகிட்ட மட்டும் சொல்லிப்போடாத கண்ணு. கெணத்த மூட வேண்டாம்னு அவ அன்னிக்கு மூணு நாளு அடுப்புப் பத்த வெக்காமப் படுத்துக் கெடந்தா.